புளிப் பானைக்குள் ஷெஃபீல்டு

என் அத்தையிடம் பதினேழு கத்திகள் இருந்தன. எல்லாம் மடக்குக் கத்திகள், எல்லாம் இங்கிலாந்தில் செய்தவை, எல்லாமே அத்தையைவிட வயதில் மூத்தவை. பெண்கள் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தும், இருபத்தொன்பது வயதாகியும் கல்யாணமாகாத ஒருத்திக்கு இத்தனை கத்தி எதற்கு என்று விளாங்குடியில் எங்கள் தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. ஜாதகத்தில் செவ்வாய் தோஷம், அதனால்தான் ஆயுதத்தின் மேல் நாட்டம் என்று பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தார். அத்தை அதைக் கேட்டுச் சிரிப்பாளே தவிர மறுத்ததில்லை. மூன்றாம் வகுப்பு படித்த எனக்கு அதில் கேள்வியே எழவில்லை. நான் பார்த்தவற்றிலேயே மிக அழகான பொருள்கள் அவைதான். அவற்றை வைத்திருந்ததாலேயே அத்தையும் எனக்கு அழகாகத் தெரிந்தாள்.

முதல் கத்தி தற்செயலாகக் கிடைத்ததுதான். பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பழைய தராசு வாங்க விளக்குத்தூண் பக்கம் ஒரு பழைய சாமான் கடைக்குப் போயிருக்கிறாள். எந்தக் காலத்திலோ ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் விட்டுப்போன மேஜை அங்கே கிடந்திருக்கிறது. அதன் இழுப்பறையைச் சும்மா இழுத்துப் பார்த்தபோது மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு கத்தி. மான் கொம்புக் கைப்பிடி. அலகின் அடியில், கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தால், ஷெஃபீல்டு என்று ஊர்ப் பெயர் தெரிந்தது. தராசை மறந்துவிட்டுக் கத்தியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கடை பாய், இப்படி ஏதாவது வந்தால் எடுத்து வைத்து, "டீச்சரம்மா, உங்க சாமான் ஒண்ணு வந்திருக்கு" என்று சொல்லி அனுப்புவார்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு என்று அத்தை சொல்வாள். இறகுப் பேனா சீவும் கத்தி, கடிதம் பிரிக்கும் கத்தி, பழம் நறுக்க வெள்ளி அலகு வைத்த கத்தி. ஒன்றில் குதிரைக் குளம்பில் மாட்டிய கல்லை எடுப்பதற்கென்றே ஒரு கொக்கி இருந்தது. குதிரையே இல்லாத எங்கள் வீட்டில் அந்தக் கொக்கிதான் எனக்கு அதிகம் பிடித்தது. நாங்கள் வண்டியூர் தெப்பத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது ஒன்று சேர்ந்தது. ஊரே சாமி தெப்பத்தில் சுற்றிவருவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்க, அத்தை மட்டும் கொய்யாப்பழம் கீறி மிளகாய்ப்பொடி தூவி விற்றவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைத்தெருவுக்கு ஓடிப்போய்ப் புதுக் கத்தி ஒன்று வாங்கி வந்து கொடுத்துவிட்டு அவருடைய பழைய ஷெஃபீல்டு கத்தியை வாங்கிக்கொண்டாள். அந்த மனிதர் புதுக் கத்தியையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்திகளுக்குப் பராமரிப்பு நடக்கும். அத்தை ஜன்னல் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு, அப்பாவின் கிழிந்த வேட்டித் துண்டை விரித்து, பிஸ்கட் டின்னைத் திறப்பாள். டின்னுக்குள் ஈரத்தை இழுத்துக்கொள்ள நாலைந்து சாக்பீஸ் துண்டுகள் கிடக்கும். அலகை விரலால் தொடக் கூடாது. வியர்வையில் உப்பு இருக்கிறது, உப்புதான் இரும்புக்கு முதல் எதிரி. தேங்காய் எண்ணெய் போடக் கூடாது, பிசுக்குப் பிடிக்கும். தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெயை ஈர்க்குச்சி முனையில் தொட்டு, அலகு திரும்பும் இடத்தில் ஒரே ஒரு சொட்டு. மூடும்போது படாரென்று விடக் கூடாது, முனை உள்ளே இடித்து மழுங்கிவிடும். இத்தனையும் எனக்கு மனப்பாடம். இவற்றில் எனக்கு உடன்பாடில்லாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். பழைய அலகுகள் எல்லாம் கருஞ்சாம்பல் நிறத்தில் மங்கிப் போயிருந்தன. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க அத்தை சம்மதிக்கவே மாட்டாள்.

"அது அழுக்கு இல்ல புள்ள. வயசு" என்பாள்.

எனக்கு அது அழுக்காகத்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பாள். அது வெயிலில் மின்னும்போதெல்லாம் அத்தையின் கத்திகளை நினைத்துப் பரிதாபப்படுவேன். இத்தனை பாடுபடுகிறவளுக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் போய்விட்டதே என்று இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. அதிலும் செவ்வாய் இருந்தது. ஆகையால் பொருந்தியது. அதற்கு முன் நான்கு இடங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டு, கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் அப்படியே போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் போகிற போக்கில், பெண்ணுக்குக் கத்தி சேர்க்கிற வழக்கம் உண்டாமே என்று தரகரிடம் விசாரித்திருக்கிறார். தாத்தா இல்லாத வீட்டில் தங்கையைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பு அப்பாவின் தலையில் இருந்தது. இந்த இடமும் தட்டிப்போனால் இனி செவ்வாய் ஜாதகத்துக்கு எங்கே போவது என்று அவருக்குத் தூக்கமே போய்விட்டது.

"இங்க பாரும்மா, ஞாயித்துக்கிழமை வாராங்க. அந்த டின் அவங்க கண்ணுல படக் கூடாது" என்றார் அப்பா.

"பீரோவுல வச்சுப் பூட்டிர்றேன்ணே."

"பீரோவைத் திறந்து பார்ப்பாங்க" என்றாள் அம்மா. "என்னையப் பார்க்க வந்தப்ப இவங்க சைடுல திறந்து பார்த்தாங்க."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை சற்று நேரம் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தாள்.

"நீயே எங்கயாவது ஒளிச்சு வையி. எங்கன்னு எனக்குச் சொல்லாத. தெரிஞ்சா கை சும்மா இருக்காது, எடுத்துப் பார்ப்பேன்."

அது வெள்ளிக்கிழமை மாலை. வீட்டில் இத்தனை பெரியவர்கள் இருக்க, என்னை நம்பி அத்தை தன் சொத்து முழுவதையும் கொடுத்திருக்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு முழுவதும் சுற்றி வந்தேன். அடுப்படியில் பரணுக்குக் கீழே புளிப் பானை இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை புளி வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு உருட்டி, அந்த மண்பானையில் அடைத்து வாயைத் துணியால் கட்டி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அன்றாடச் சமையலுக்கு அம்மா தனியாக ஒரு ஜாடியில் எடுத்து வைத்திருப்பாள். பீரோவைத் திறந்து பார்க்கிறவர்கள்கூடப் புளிப் பானைக்குள் கைவிடப் போவதில்லை. அதோடு, இரண்டு நாள் புளியில் கிடந்தால் கத்திகள் செப்புக் குடம் மாதிரி மின்னப் போகின்றன. ஒளித்து வைத்ததாகவும் ஆயிற்று, அத்தைக்குத் தெரியாமல் அவளுக்கு ஒரு நன்மை செய்ததாகவும் ஆயிற்று. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

டின் பானை வாய்க்குள் நுழையவில்லை. கத்திகளை மட்டும் ஒவ்வொன்றாகப் புளிக்குள் அழுத்தினேன். மூடியபடி போட்டால் உள்ளே பளபளப்பு ஏறாதே என்று, நகத்துக்குத் திறந்த கத்திகளை எல்லாம் அலகை விரித்து வைத்துப் புதைத்தேன். முத்துச்சிப்பிக் கைப்பிடி போட்ட கத்தி மட்டும் இறுக்கம், திறக்க வரவில்லை. அதை மூடியபடியே அடியில் திணித்தேன். வாராவாரம் உப்பைப் பற்றிய பாடத்தைக் கேட்டவள்தான் நான். ஆனால் அந்தப் பாடம் வியர்வையில் இருக்கும் உப்பைப் பற்றியதல்லவா?

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். மாப்பிள்ளை கல்லுப்பட்டியில் பம்ப்செட் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். குள்ளமானவர், முன்தலையில் முடி கொஞ்சம் ஏறிப்போயிருந்தது. சலவை வேட்டி சட்டையில், வேறு யாருடையதையோ போட்டுக்கொண்டு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். என் அத்தைக்கு இவர் போதாது என்று நான் முதல் பார்வையிலேயே தீர்மானித்துவிட்டேன்.

அத்தை பச்சைப் பட்டுப் புடவையில் காப்பித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா சமையலைப் பற்றிக் கேட்டார், தையலைப் பற்றிக் கேட்டார். சமைப்பேன், தையல் வராது என்றாள் அத்தை.

"பள்ளிக்கூடம் இல்லாத நேரத்துல என்னம்மா செய்வ?"

"கோலம் நல்லாப் போடுவா" என்று அப்பா முந்திக்கொண்டார். எங்கள் வீட்டில் கோலம் போடுவது அம்மாதான்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, "பழைய கத்தி சேர்க்குறேன்" என்றாள்.

கேசரியை வாய்க்குக் கொண்டுபோன தாய்மாமனின் கை பாதியில் நின்றது. அப்பா தரையைப் பார்த்தார்.

"எந்த ஊர்க் கத்தி?"

கேட்டது மாப்பிள்ளை. வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இங்கிலாந்து. ஷெஃபீல்டுன்னு ஒரு ஊரு."

"பார்க்கலாமா?"

அத்தை என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மட்டுமே பார்த்திருக்கிறேன். "எடுத்துட்டு வா தங்கம்" என்றாள்.

நான் அடுப்படிக்குப் போனேன். பானைக்குள் கைவிட்டுத் தேடி எடுக்கப் பொறுமை இல்லை. பளபளக்கும் கத்திகளை எல்லோருக்கும் முன்னால் எடுத்துக்காட்டினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பானையை அப்படியே தரையில் இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, மாப்பிள்ளையின் காலடியில் நிறுத்தித் துணியை அவிழ்த்தேன்.

"அடியே, அது என் புளிடி" என்றாள் அம்மா.

அத்தை உட்கார்ந்து, வளையலை மேலே தள்ளிவிட்டு, பானைக்குள் கையை விட்டாள். முதலில் வந்தது மான் கொம்புக் கத்தி. பளபளப்பு இல்லை. அலகு கன்னங்கரேலென்று, நடுவில் செந்நிறத் திட்டுகளோடு, ஓரத்தில் புளிக்கோது ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. எலும்புக் கைப்பிடிகள் வெற்றிலை போட்ட பல் மாதிரி காவியேறியிருந்தன. செப்புக்கு நடந்தது இரும்புக்கு ஏன் நடக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் பெரிய தப்பு ஒன்று நடந்துவிட்டது என்பது மட்டும் அத்தையின் கையைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் முதுகில் நாலு வைத்திருப்பார்கள். அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் வகுப்பில் கேள்வி கேட்கிற குரலாகவே இருந்தது.

"எப்பப் போட்ட?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

"திறந்தா, மூடியா?"

"திறந்துதான் அத்தை. நல்லா மின்னட்டும்னு."

அவள் தலையை அசைத்தாள். பட்டுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கத்திகளை எல்லாம் பொறுக்கி ஒரு தாம்பாளத்தில் போட்டு எடுத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். எட்டு வயதில் எனக்கு அது வெறும் அவசரமாகப் பட்டது. இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அந்த வீட்டில் அன்றைக்கு அவளுடைய கல்யாணம் முடிவாக வேண்டியிருந்தது. அவள் எழுந்து போனது தன் கத்திகளைக் காப்பாற்ற.

பின்னாலேயே மாப்பிள்ளையும் எழுந்து போனார். அவருடைய அம்மா, "எங்கப்பா போற?" என்றார். அவர் காதில் விழவில்லை.

துவைக்கிற கல்லுக்கு இந்தப் பக்கம் அத்தையும் அந்தப் பக்கம் அவருமாக நின்றார்கள். நான் கிணற்றோரத்தில் ஒண்டிக்கொண்டேன்.

"மண்ணெண்ணெய் இருக்கா?" என்றார் அவர்.

"மண்ணெண்ணெய் அப்புறம். புளிப்பு முதல்ல சாகணும். மதினி, ஆப்பத்துக்குப் போடுற சோடா உப்பைக் கொண்டாங்க."

"பட்டறையில எம்புட்டுத் துருவுக்கும் மண்ணெண்ணெய்தான் போடுறோம்."

"உங்க மோட்டார் புளியில ஊறிச்சா? இது அமிலம். மேல எண்ணெய் போட்டா உள்ள அரிச்சுக்கிட்டேதான் இருக்கும்."

அவர் ஒரு கணம் யோசித்தார். "சரிங்க டீச்சர்" என்றார்.

சோடா உப்புத் தண்ணீரில் கத்திகள் நுரைத்தன. அவர் தேங்காய் நாரை எடுத்தார். அத்தை பிடுங்கி எறிந்தாள், கோடு விழும் என்று. மெதுவாகத் தேய்த்தால் விழாது என்றார் அவர். விழும் என்றாள் இவள். எந்த அலகை எந்தப் பக்கமாகத் துடைப்பது என்பதற்கு ஒரு தர்க்கம், வெயிலில் காய வைப்பதா நிழலில் காய வைப்பதா என்பதற்கு இன்னொன்று. துணி போதவில்லை என்றதும் அவர் யோசிக்காமல் தன் சலவை வேட்டியின் நுனியிலேயே ஒரு கத்தியைத் துடைத்தார். வெள்ளை வேட்டியில் கறுப்பாக ஒரு தீற்றல் விழுந்தது. துடைத்த கத்தியை அத்தையின் கையில் கொடுக்காமல் கல்லின் மேல் வைத்தார். அவள் அங்கிருந்து எடுத்துக்கொண்டாள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பேர் அதற்கு ஏன் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கொல்லை வாசலில் பெரியவர்கள் நால்வரும் வந்து நின்றார்கள். "என்னம்மா இது, சண்டையா போடுறாக?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "தெரியலையேம்மா" என்றாள் என் அம்மா. அவள் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. கூடத்தில் காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் புறப்பட்டார்கள். தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கலந்து பேசிச் சொல்லி அனுப்புறோம்" என்றார். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. நான் இரண்டு குற்றங்களைச் செய்திருந்தேன். அத்தையின் கத்திகளைக் கெடுத்தேன். அத்தையின் கல்யாணத்தையும் கெடுத்தேன். இதில் எதற்கு முதலில் அழுவது என்று தெரியாமல் கதவிடுக்கில் நின்றேன். அப்போதுதான் மூன்றாவதாக ஒன்றைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் சட்டைப் பையில் முத்துச்சிப்பிக் கைப்பிடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர்கள் பஸ் ஏறும்வரை காத்திருந்துவிட்டு அத்தையிடம் ஓடினேன். "அத்தை, அந்தாளு முத்துச்சிப்பிக் கத்தியத் தூக்கிட்டுப் போயிட்டாரு."

"தெரியும். உள்ள புளி போய் இறுகிக்கிச்சு. பட்டறையில வச்சுத் திறந்து பார்க்குறேன்னாரு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பள்ளித் தலைமையாசிரியை ஒரு நாள் இரவலாகக் கேட்டபோது, கத்தி வீட்டு வாசலைத் தாண்டாது என்று சொன்னவள் இந்த அத்தைதான். அந்த வாரம் முழுவதும் அவள் கத்திகளோடுதான் இருந்தாள். இரண்டு அலகுகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்துவிட்டது. ஒன்றில் செய்தவர் பெயர் அழிந்தே போய்விட்டது. அதைப் பார்த்து நான் அழுதபோது, "கத்திதானே, விடு" என்று என் தலையைத் தடவினாள். கத்திதானே என்று அவள் வாயிலிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அத்தனை பெரிய மனசு எனக்கு இன்றுவரை வரவில்லை. பள்ளி விட்டு வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து திண்டுக்கல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முத்துச்சிப்பிக் கத்திக்காகத்தான் கவலைப்படுகிறாள் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் நிற்கும்போதெல்லாம் இறங்குகிறவர்களைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். தனியாக வந்தார். அப்பா அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டு வரவேற்று, வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்க வாயெடுப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பையிலிருந்து கத்தியை எடுத்து ஸ்டூலின் மேல் வைத்தார். அத்தை எடுத்து நகத்தை வைத்தாள். டக் என்று, தண்ணீரில் கூழாங்கல் விழுவது போல ஒரு சத்தத்தோடு திறந்தது. கோடு ஒன்றுகூட இல்லை. அத்தை அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. கத்தி திரும்பி வந்துவிட்டது. இனி இந்த மனிதர் இங்கே வர வேண்டியதில்லை. அவரும் கிளம்ப எழுந்துவிட்டார்.

அப்போது அத்தை டின்னைத் திறந்து, குதிரைக் குளம்புக் கொக்கி வைத்த கத்தியை எடுத்து ஸ்டூலின் மேல் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள். "இதுவும் கொஞ்சம் இறுகுது. பார்த்துக் கொண்டாறீங்களா?" என்றாள்.

அவர் அதை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை, நேரே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. அன்று காலையில்தான் நானும் அத்தையும் அதற்கு எண்ணெய் போட்டிருந்தோம். நானே நாலு தரம் திறந்து மூடியிருந்தேன்.

"அது இறுகல அத்தை, நல்லாத்தான் திறக்குது" என்றேன்.

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். உள்ளதைச் சொன்னதற்கு எதற்காகக் கிள்ள வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தையாவது எனக்குப் பரிந்து பேசுவாள் என்று அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, ஒன்றுமில்லாத ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.